பிஸ்கற் பேணிக்குள் கிடக்கும் குளிசைகள்

வன்னியில் மிஞ்சிய குளிசையை எறிகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அது பழைய பிஸ்கற் பேணி ஒன்றுக்குள் போய்விடும். பேணி அலுமாரிக்கு மேலே இருக்கும், இல்லாவிட்டால் சாமிப்படத் தட்டில் விபூதிக்குப் பக்கத்தில் இருக்கும். காய்ச்சல் வந்த பேரனுக்கும் கால் உளைகிற மனுசிக்கும் வயல் வேலைக்கு வந்த ஆளுக்கும் அதிலிருந்துதான் குளிசை போகும். மருந்தைப் பிழையாகப் பாவிப்பது பற்றி அச்சடித்துத் தரப்படும் துண்டுப்பிரசுரங்களில் "வீட்டில் மருந்தைச் சேர்த்து வைக்காதீர்கள்" என்பது எப்படியும் முதல் ஐந்து வசனத்துக்குள் வந்துவிடும். அதை வாசித்துக் காட்டினால் சனம் மரியாதையாகக் கேட்கும். பேணி இருந்த இடத்திலேயே இருக்கும்.

அரச வைத்தியசாலை ஒன்றில் மருந்தாளராக வேலை செய்துகொண்டு, கிடைக்கிற பின்னேரங்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கக் கிராமங்களுக்கு இந்த விசயத்தைக் கதைக்கப் போகிறவள் நான். இந்தச் சனம் ஏன் குளிசையை எறிவதில்லை என்று விளங்காமல் இங்கே ஒருவர் மருந்துக் கல்வி நடத்த முடியாது. 1990 இல் போர் மறுபடி மூண்ட பிறகு வடக்குக்குள் வரும் பொருட்களுக்குத் தடையும் கட்டுப்பாடும் வந்தன. பற்றரி, பெற்றோல், சவர்க்காரம் என்ற வரிசையில் மருந்தும் அகப்பட்டது. 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது. 2006 ஆகஸ்டில் முகமாலையில் அது மறுபடி மூடப்பட்டது. 2009 இன் முதல் மாதங்களில் புதுக்குடியிருப்பிலும் அதற்குக் கிழக்கேயும் மயக்க மருந்து போதாமல் சத்திரசிகிச்சை நடந்ததை இங்கே கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள். பிறகு செட்டிகுளம் மெனிக் பாம், அங்கே மருந்துக்கு நீண்ட வரிசை. எல்லாம் முடிந்து ஊருக்கு வந்து வீடு கட்டி நிமிர, 2022 இல் டொலர் இல்லாமல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தது. இவ்வளவையும் கடந்து வந்த ஒரு தாய்க்கு, மிஞ்சிய பத்துக் குளிசை குப்பையாகத் தெரியாது.

அதனால் எங்கள் கூட்டங்களில் விரிவுரை கிடையாது. "வீட்டில இருக்கிற மருந்து எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக்கொண்டு வாங்கோ. கிளினிக் கொப்பியும் கொண்டு வாங்கோ" என்று குடும்பநல உத்தியோகத்தர் முதலே சொல்லிவிடுவார். சனசமூக நிலையத்திலோ முன்பள்ளியிலோ பாய் விரிப்போம். வந்தவர்கள் பையைக் கவிழ்த்துக் கொட்டுவார்கள். வெளிநாடுகளில் மருந்தாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவருகிற முறைதான் இது. நோயாளி தன்னிடம் இருக்கிற மருந்து முழுவதையும் ஒரு பையில் கொண்டுவந்து காட்டுவார், மருந்தாளர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எங்களுடைய முறையில் ஒரே வித்தியாசம், அயலட்டை எல்லாம் சுற்றியிருந்து பார்க்கும். யாருடைய பேணியில் என்ன இருந்தது என்று அடுத்த கிழமை வரைக்கும் கதை ஓடும். அந்தக் கதை ஓடுவதுதான் கூட்டத்தின் அரைவாசிப் பலன்.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் தருமபுரத்துக்கு அங்காலே ஒரு கிராமத்தில் விரிந்த பேணி ஒன்றை விவரமாகச் சொல்கிறேன். எழுபது வயது தாண்டிய ஒரு அம்மாச்சியினுடையது. சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர். அவருடைய மெற்போமின் பேப்பர் உறையோடு ஒழுங்காக இருந்தது. அதற்குக் கீழே டைக்குளோபினக் கார்ட் துண்டுகள், கத்தரியால் வெட்டியவை. கார்ட்டின் ஒரு ஓரத்தில்தான் காலாவதித் திகதி அச்சிட்டிருப்பார்கள், அந்த ஓரம் யாருக்குப் போனதோ தெரியாது. அரைவாசி குடித்து நிறுத்திய அமொக்சிசிலின் கூட்டுக் குளிசைகள், பேரன் தொண்டை நோவுக்கு எடுத்தது. நிறம் மங்கிப்போன பிரிற்றன். உறையே இல்லாமல் பொலித்தீன் துண்டில் முடிந்திருந்த வெள்ளைக் குளிசைகள், அவை என்னவென்று எனக்கும் அடையாளம் காண முடியவில்லை. அடியில், இறந்துபோன கணவருக்கு எழுதிய டயசிபாம். ஒரு ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார்.

"இது என்னத்துக்கு அம்மாச்சி?"

"அது அவற்ர நித்திரைக் குளிசை பிள்ளை. எனக்கும் நித்திரை வராட்டில் இடைக்கிடை அரைவாசி போடுறனான்."

"வேற ஆருக்கும் குடுத்தனீங்களோ?"

கொஞ்சம் யோசித்தார். "மருமோளுக்கு ஒருக்கா. அவள் அழுதுகொண்டே இருந்தாள்."

பிழையான மருந்துப் பாவனை என்றால் நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒழுங்கையில் நிற்கும் பெடியனும் கைமாறும் கார்ட்டும்தான் கண்ணுக்குள் வரும். வைத்தியர் ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் போடுவதும், எழுதிய அளவை விட்டுக் கூட்டிக் குறைத்துப் போடுவதும், எழுதிய நோவுக்கு அல்லாமல் மனசின் நோவுக்குப் போடுவதும் அதே வகைதான். இங்கே அது பெரும்பாலும் அன்பினால் நடக்கிறது. மாமி மருமகளுக்குக் கொடுத்த அரைக் குளிசையில் குற்றம் பிடித்துக் கதைத்தால் அடுத்த கூட்டத்துக்கு ஒருவரும் பேணியைக் கொண்டுவர மாட்டார்கள்.

பாயில் மூன்று குவியல் வைப்போம். இப்போது கிளினிக்கில் எழுதியிருக்கிற மருந்து ஒன்று. மிஞ்சியது ஒன்று. என்னவென்றே தெரியாதது ஒன்று. அம்மாச்சியினுடையதில் மூன்றாவதுதான் பெரிதாக இருந்தது, அநேகமாக எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

"எறியச் சொல்லாதேங்கோ பிள்ளை. இடம்பெயர்ந்து திரியேக்க ஒரு பனடோலுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"எறியச் சொல்லேல்லை. எது உங்கட வருத்தத்துக்கு, எது இல்லை எண்டு பிரிச்சுத் தாறன். பனடோல் உங்களிட்டயே இருக்கட்டும். தெரியாததை என்னட்டத் தாங்கோ, நான் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோறன்."

பனடோலை விட்டுவைப்பது ஒரு பேரம். வெறும் பேணியோடு ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பத்துக் குளிசை கொண்ட ஒரு பனடோல் கார்ட், ஜீவனிப் பக்கற்றுகள், காயத்துக்குக் கட்டுகிற துணி என்று அந்தப் பேணிக்கு உரிய சாமானைச் சொல்லிக் கொடுத்தால், மற்றதைத் தருவதில் அவர்களுக்கு அவ்வளவு வருத்தம் இருக்காது. சேர்ந்த மருந்தைக் குளத்திலோ கிணற்றடியிலோ கொட்டவோ, குப்பையோடு எரிக்கவோ வேண்டாம் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவோம். எங்களிடம் தர முடியாதவர்கள் தேயிலைச் சக்கையோடோ மண்ணோடோ கலந்து, பொலித்தீனில் இறுக்கிக் கட்டிக் குப்பைக்குப் போடலாம். ஆனால் இதைவிட மருந்துக் கவுண்டரில் திருப்பித் தருவதைத்தான் நான் விரும்புவேன். ஒரு ஊரிலிருந்து என்ன திரும்பி வருகிறது என்று பார்த்தாலே அந்த ஊரில் என்ன நடக்கிறது என்று பாதி விளங்கிவிடும்.

அப்படித் திரும்பி வருவதில் கூடுதலாக இருப்பது போதை தருகிற குளிசை அல்ல. நோவுக் குளிசைதான். காலபோக விதைப்பு, களை பிடுங்கு, பிறகு வெட்டு. வரம்பில் குனிந்து நின்ற முதுகுக்குப் பின்னேரம் ஒரு டைக்குளோபினக் போட்டால்தான் அடுத்தநாள் எழும்பலாம் என்று ஆண்களும் பெண்களும் சொல்லுவார்கள். சில கடைகளில் அதைப் பெயர் சொல்லாமல், இரண்டு மூன்று நிறக் குளிசையோடு சேர்த்துப் பேப்பர் சரையில் சுற்றிக் கொடுக்கிறார்கள். வெயிலில் வேர்த்து, தண்ணி குறைவாகக் குடித்த உடம்பில் இந்தக் குளிசை சிறுநீரகத்துக்கு வரும் இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். ஒருநாள் இருநாள் என்றால் உடம்பு தாங்கும். போகம் போகமாகப் போட்டால் தாங்காது.

இதைச் சொல்வதற்கு எங்கள் பகுதியில் தனிக் காரணம் உண்டு. காரணம் தீர்க்கமாகக் கண்டுபிடிக்கப்படாத சிறுநீரக நோய் என்று வைத்திய உலகம் சொல்லும் அந்த நோய் 1990களில் வட மத்திய மாகாணத்தில் அடையாளம் காணப்பட்டது. வவுனியாவிலும் முல்லைத்தீவு மாவட்டத்தின் வெலிஓயாவிலும் அது இருக்கிறது. தண்ணியா, பூச்சிமருந்தா, வெயிலா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். நோவுக் குளிசைதான் அந்த நோய்க்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே பழுதுபடத் தொடங்கிய சிறுநீரகத்துக்கு அது கெடுதல் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. கிணற்றுத் தண்ணியைப் பற்றிக் கவலைப்படுகிற மனுசன், சட்டைப்பையில் இருக்கிற கார்ட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கூட்டத்தில் "இஞ்ச ஆருக்கெல்லாம் கிரியற்றினின் பார்த்தது?" என்று கேட்பேன். இரத்தப் பரிசோதனைத் துண்டு வைத்திருக்கிற யாராவது ஒருவர் இருப்பார். அவரைக் கொண்டே அதை விளங்கப்படுத்தச் சொன்னால் நான் சொல்வதைவிடக் கவனமாகக் கேட்பார்கள்.

மாரியில் இன்னொரு பயம், டெங்கு. 2017 இல் இலங்கை முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. அந்தக் காய்ச்சலில் டைக்குளோபினக், இபுபுரூபன், அஸ்பிரின் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டிவிடலாம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், அதுவும் உடல் நிறைக்கு ஏற்ற அளவில். சுகாதார அமைச்சு வருசா வருசம் சொல்லுகிற இதைச் சனம் நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. பயமுறுத்தாமல், காரணத்தோடு, ஒரே விசயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் வன்னிச் சனம் கேட்கும் என்பதற்கு எனக்கு இதுவே போதிய சாட்சி.

இனிக் கடினமான பகுதிக்கு வருகிறேன்.

பிரிகபலின் என்றொரு மருந்து. 2004 இல் ஐரோப்பாவில் அங்கீகாரம் பெற்றது. பழுதுபட்ட நரம்பு காரணமில்லாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் நோவுச் சைகைகளை அது அடக்கும். சீனி வருத்தக்காரருக்குக் காலில் வரும் எரிவுக்கு எழுதுவார்கள். வன்னியில் அதற்கு இன்னொரு கூட்டமும் இருக்கிறது. கால் கை இழந்தவர்கள், இல்லாத காலில் நோகிறது என்பவர்கள். எடுக்க முடியாத இடத்தில் ஷெல் துண்டு இருப்பவர்கள். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல், ஆனால் எரிவு மட்டும் இருப்பவர்கள். இவர்களுக்கு அந்தக் குளிசை ஆடம்பரம் அல்ல. அது இல்லாத இரவு எப்படி இருக்கும் என்று சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் எனக்குச் சொன்னார்: "மிஸ், காலை நெருப்புக்குள்ள வைச்ச மாதிரி இருக்கும். ஆனா காலை எடுக்கேலாது."

அதே குளிசைதான் இன்று யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பெடியங்களின் கையில் பிடிபட்டுப் பத்திரிகையில் "போதை மாத்திரை" என்று வருகிறது. இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற அதிசயம் அல்ல. பிரித்தானியாவில் அதன் துஷ்பிரயோகம் கூடி, 2019 ஏப்ரலில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் சேர்த்தார்கள். டிரமடோல் என்ற நோவு மருந்தை இந்தியா 2018 இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு நைஜீரியா கொடெயின் சேர்ந்த இருமல் பாணிக்குத் தடை போட்டது. நல்ல மருந்து ஒன்று தெருவுக்குப் போவதும், அரசு பின்னால் ஓடுவதும் எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது. எங்களுக்குள்ள சிக்கல், தெருவுக்கும் காயப்பட்டவரின் படுக்கைக்கும் இடையில் தூரம் மிகக் குறைவு என்பதுதான். சில வேளை இரண்டும் ஒரே வீடு. தகப்பனுக்கு எழுதிய கார்ட்டில் மகன் கை வைக்கிறான். தகப்பனுக்கு மாத முடிவில் குளிசை போதாமல் வருகிறது. "குளிசையைக் குறைச்சுத் தந்திட்டீங்கள்" என்று கவுண்டரில் வந்து சண்டை பிடிப்பார். எண்ணிக் கொடுத்தது எனக்குத் தெரியும், அவர் பொய் சொல்லவில்லை என்பதும் தெரியும். அப்போதுதான் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று மெல்லக் கேட்க வேண்டும்.

பேச்சு வழக்கில் இதற்கு "நரம்புக் குளிசை" என்று பெயர். விற்றமின் பி குளிசைக்கும் அதே பெயர், அமிற்றிரிப்டிலினுக்கும் அதே பெயர். "நரம்புக் குளிசைதானே, சத்துத்தானே" என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஆகவே பாயில் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது சத்து, எது சத்தில்லை என்று காட்டுவது எங்கள் கூட்டத்தின் நிரந்தர நிகழ்ச்சி. அதோடு இரண்டு விசயம் சொல்லுவோம். பிரிகபலினைச் சாராயத்தோடோ நித்திரைக் குளிசையோடோ சேர்த்தால் மூச்சு மந்தமாகி ஆபத்தாகலாம். இரண்டாவது, நீண்டநாள் போட்டவர் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. வேர்வை, பதகளிப்பு, நித்திரையின்மை, சிலருக்கு வலிப்பும் வரும். வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார். இந்த இரண்டாவது தகப்பனுக்கும் பொருந்தும், திருடிப் போட்ட மகனுக்கும் பொருந்தும். மகனின் குளிசையைப் பறித்து அடுப்புக்குள் போட்டுவிட்டு அறையைப் பூட்டி வைத்த தாய்மார் உண்டு. அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பூட்டிய அறைக்குள் வலிப்பு வந்தால் யார் பார்ப்பது?

பாடசாலைகளில் இதைக் கதைப்பது வேறு கலை. ஒருமுறை வெளியிலிருந்து வந்த குழு ஒன்று பத்தாம் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படக்காட்சி வைத்தது. எந்தக் குளிசை, என்ன நிறம், கள்ளமாக என்ன விலை, போட்டால் என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார்கள். நல்ல எண்ணம்தான். பின்வாங்கில் இருந்த பெடியங்கள் அன்றைக்குத்தான் முதல்முறை கொப்பி எடுத்துக் குறிப்பு எழுதினார்கள் என்று ஆசிரியர் ஒருவர் பகிடியாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அமெரிக்காவில் 1983 இல் லொஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய டெயார் என்ற திட்டத்தில் பொலிசார் வகுப்புக்குள் வந்து போதையின் தீமையைச் சொன்னார்கள். நாடு முழுக்கப் பரவியது, பெற்றோருக்கும் பிடித்திருந்தது. பிறகு ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தபோது, பிள்ளைகளின் பழக்கத்தில் நிலைத்த மாற்றம் எதையும் அது ஏற்படுத்தவில்லை என்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. நாங்கள் பாடசாலையில் பெயர் சொல்வதில்லை, படம் காட்டுவதில்லை, செத்தவர் கதை சொல்வதில்லை. மருந்துத் துண்டை எப்படி வாசிப்பது, வீட்டில் சீனிக் குளிசை எடுக்கும் அம்மம்மாவுக்கு எப்படி உதவுவது, "இதைப் போட்டுப் பார்" என்று ஒரு கூட்டாளி நீட்டினால் அவனுடைய கூட்டை இழக்காமல் எப்படி மறுப்பது என்பதைத்தான் செய்து பார்க்க வைக்கிறோம். கடைசியில் சொன்னதில் பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர். "எனக்கு வலிப்பு இருக்கு மச்சான், டொக்டர் ஒண்டும் போடக் கூடாதெண்டவர்" என்ற பொய்யை ஒரு பெடியன் கண்டுபிடித்தான். பொய் சொல்லப் பழக்குகிறீர்கள் என்று அதிபருக்கு அதில் சம்மதமில்லை. எனக்கு முழுச் சம்மதம்.

பாமசிக்காரரோடு கதைக்காமல் சனத்தோடு மட்டும் கதைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணி அள்ளுவதுதான். சட்டத்தில் குறை இல்லை. 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இருந்தது, அதன் இடத்துக்கு 2015 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்து தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை உருவானது. துண்டில்லாமல் கொடுக்கக்கூடியவை எவை, கொடுக்கக் கூடாதவை எவை என்ற அட்டவணை இருக்கிறது. பதிவுபெற்ற மருந்தாளர் கடையில் நிற்க வேண்டும் என்றும் இருக்கிறது. சில கடைகளில் மருந்தாளரின் சான்றிதழ் சுவரில் நிற்கிறது, மருந்தாளர் வேறெங்கோ நிற்கிறார். கவுண்டரில் நிற்பது உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைதான் பின்னேரம் ஆறரைக்கு மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கிற மூன்று பேருக்கு "இல்லை" சொல்ல வேண்டும்.

இந்தப் பிள்ளைகளுக்காக ஒரு பின்னேர வகுப்பு வைத்தோம். சட்டத்தை வாசிப்பதில் நேரம் போகவில்லை. போலித் துண்டு எப்படி இருக்கும் என்று பார்த்தோம். போட்டோக் கொப்பி எடுத்த துண்டில் முத்திரையின் மை தட்டையாக இருக்கும், ஈரவிரல் வைத்தால் கலையாது. ஒரே வைத்தியரின் துண்டு வேறுவேறு பெயரில் ஒரே கையெழுத்தில் வரும். நோயாளியின் வயது இருபது, எழுதிய மருந்து அறுபது வயதுக் கால் எரிவுக்கு. நாட்கணக்கில் எழுதாமல் கார்ட் கணக்கில் எழுதியிருக்கும். மருந்தின் பெயரைச் சொல்லத் தடுமாறுகிறவர் அநேகமாக உண்மையான நோயாளி. மில்லிகிராமோடு சட்டென்று சொல்கிறவரிடம் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். மறுக்கிற வசனத்தையும் பழகினோம். "தரமாட்டன்" என்றால் சண்டை. "முடிஞ்சுது அண்ணா, ஓடர் போட்டிருக்கு" என்றால் நாளைக்கும் வருவான். "துண்டில இருக்கிற டொக்டருக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டிட்டுத் தாறன், இருங்கோ" என்பதுதான் வேலை செய்தது. உண்மையான நோயாளி இருப்பார், மற்றவர் ஓட்டோ நிற்கிறது என்று சொல்லிப் போய்விடுவார்.

முதலாளிமாரில் சிலர் ஒத்துழைத்தார்கள், சிலர் தேத்தண்ணி தந்து அனுப்பினார்கள். ஒருவர் நேராகக் கேட்டார்: "நான் குடுக்காட்டில் பக்கத்துக் கடை குடுக்கும். எனக்கு நட்டம், ஊருக்கு என்ன லாபம்?" நியாயமான கேள்வி. ஒரு பட்டினத்தில் உள்ள எல்லாக் கடையும் ஒரே நாளில் ஒரே முடிவுக்கு வராமல் இதற்குப் பதில் இல்லை. உணவு மருந்துப் பரிசோதகர் வந்து போகிற அன்றைக்கு மட்டும் எல்லாரும் ஒரே முடிவில் இருப்பார்கள்.

பொலிசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17 இல் போதைப்பொருளுக்கு எதிரான "யுக்திய" நடவடிக்கை நாடு முழுக்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கில் கைது நடந்தது. அதை நிறுத்தச் சொல்லி அடுத்த மாதமே ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் கேட்டார்கள். விற்கிறவனைப் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தது எங்கள் கூட்டங்களில் நடந்ததுதான். அந்த மாதங்களில் தாய்மார் பிள்ளையைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். 2009க்குப் பிறகு பிள்ளைகளைத் தடுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருந்த ஊர் இது. ஒருவரிடம் பெயர் சொன்னால் அது எங்கே போய் முடியும் என்ற பயம் இந்தத் தாய்மாருக்கு மற்ற மாகாணத்தாரைவிடக் கூட. எனவே கூட்டம் தொடங்கும்போதே சொல்லிவிடுவோம்: பெயர் எழுத மாட்டோம், பொலிசுக்குப் போகாது, வைத்தியரிடம் போகிற வழி மட்டும் சொல்லுவோம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தையும், மனநலத்துக்கான 1926 ஐயும் ஒரு சின்னக் காகிதத்தில் எழுதிக் கொடுப்போம். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவு எந்த நாளில் இருக்கும் என்பதும் அதில் இருக்கும். தாய்மார் அதைக் கையில் வாங்க மாட்டார்கள். பாயின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவோம், கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போது காகிதம் குறைந்திருக்கும்.

பனடோலைப் பேணியில் விட்டுவைக்கச் சொன்னேன் அல்லவா, அதுவும் ஒரே ஒரு கார்ட் மட்டும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 500 மில்லிகிராம் குளிசை எட்டு. அதற்கு மேல் ஈரல் தாங்காது. அளவு மீறுவது தெரியாமல் மட்டும் நடப்பதில்லை. 1990களின் நடுவில் தற்கொலையில் உலகின் மேல்வரிசையில் இருந்த நாடு இலங்கை. கொடிய பூச்சிமருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்ததால் அந்த எண்ணிக்கை பெரிதாக இறங்கியது, இது உலகமே மெச்சிய வேலை. ஆனால் கோபத்திலும் அவமானத்திலும் கைக்கு எட்டியதை விழுங்குகிற இளம் பிள்ளைகள் இன்று அதிகமாக எடுப்பது வீட்டுக் குளிசையை. பூச்சிமருந்தைப் பெட்டியில் பூட்டி வைத்தால் குறையுமா என்று அனுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்களில் சோதித்துப் பார்த்தார்கள். பூட்டுப்பெட்டி கொடுத்த கிராமத்துக்கும் கொடுக்காத கிராமத்துக்கும் வித்தியாசம் இல்லை என்று 2017 இல் முடிவு வந்தது. பூட்டுப்பெட்டி கொடுக்க நிதி தருகிறோம் என்று யாராவது வரும்போது நான் இதைச் சொல்லுவேன். திறப்பு எங்கே தொங்குகிறது என்று வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரியும். வீட்டில் கிடக்கும் அளவைக் குறைப்பதில்தான் எனக்கு நம்பிக்கை.

பெற்றோருக்குச் சொல்வது ஒன்றுதான். பிள்ளை பனடோல் கனக்கப் போட்டதென்று தெரிந்தால், நன்றாகத்தானே இருக்கிறாள் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஈரல் பழுதாவது ஒருநாள் இரண்டுநாள் கழித்துத்தான் வெளியே தெரியும், மாற்று மருந்து எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. திட்டுவதை ஆசுப்பத்திரியிலிருந்து வந்தபிறகு திட்டலாம். திட்டாமலும் விடலாம்.

இப்போது எங்கள் வைத்தியசாலையில் ஓடிக்கொண்டிருக்கிற வாதம் வேறு. பிரிகபலினை மாதக் கணக்கில் கொடுக்காமல் இரண்டு கிழமைக்கு ஒருமுறை எண்ணிக் கொடுக்க வேண்டும், வெறும் கார்ட்டைத் திருப்பித் தந்தால்தான் அடுத்தது என்பது வைத்தியர் ஒருவரின் கட்சி. வெறும் கார்ட் விசயத்தில் நானும் அவர் பக்கம். வெறும் கார்ட்டைக் கேட்கத் தொடங்கினால் வீட்டில் ஒருவர் கார்ட்டைக் கவனிக்கத் தொடங்குவார், அது பெரிய காரியம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை என்பதில்தான் முரண்படுகிறேன். ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே இருக்கிற ஒருவர், செயற்கைக் காலோடு, காலையில் போகிற ஒரு பஸ்ஸைப் பிடித்து வந்து, பத்துமணி வரிசையில் நின்று, பின்னேரப் பஸ்ஸுக்குக் காத்திருந்து போக வேண்டும். அன்றைய கூலி போய்விடும். இரண்டாம் முறை வராமல் விடுவார், குளிசை முறியும், எரிவு திரும்பும், பிறகு அவரே அதைத் தெருவில் தேடுவார். எங்களுடைய கட்டுப்பாடே அவரை அங்கே அனுப்பிவிடும். பாதியை இங்கே கொடுத்து, மீதியை அவருக்குக் கிட்டிய பிரதேச வைத்தியசாலைக்கு அவர் பெயர் எழுதிய உறையில் அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறேன். அங்கே அதற்குப் பொறுப்பெடுக்க ஆளில்லை என்கிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடி எடுப்போம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். நான் பஸ் நேர அட்டவணையையும் கையோடு கொண்டுபோகப் போகிறேன்.